பள்ளிக்கு அஞ்சிய பிள்ளை கட்டிய பள்ளி

கல்கத்தா நகரின் வடபகுதியிலே, ஜோராசாங்கோ என்னும் இடத்தில், நூறு பேர் வாழ்ந்தாலும் நிறையாத ஒரு பழைய மாளிகை உண்டு. அதன் தாழ்வாரத்துக்கு மரக் கிராதி போட்டிருந்தார்கள். சென்ற நூற்றாண்டுக்கும் முந்திய நூற்றாண்டின் பிற்பகுதியில், ஆறேழு வயதுப் பாலகன் ஒருவன் நாள்தோறும் அத்தாழ்வாரத்தில் ஒரு கதிரையை இட்டு அமர்ந்து, கையிற் பிரம்புடன் அக்கிராதிக் கம்பங்களுக்குப் பாடஞ் சொல்லிக் கொடுப்பான். கம்பங்களுள்ளே நல்ல மாணாக்கரும் உண்டு. பொல்லாத மாணாக்கரும் உண்டு. பொல்லாதவற்றுக்கு அடிமேல் அடி விழும். அடியினால் அவற்றின் உடம்பு தழும்பேறத் தழும்பேற, குட்டி உபாத்தியாயருக்குக் கோபமும் ஏறும். அவன் பள்ளிக்கூடம் போய்ச் சில காலமே ஆகியிருந்தது. எழுத்தும் எண்ணும் மனத்திற் படியுமுன்னரே உபாத்தியாயரின் சினமும் அவசரமும் பாரபட்சமும் அவனுள்ளே படிந்துவிட்டன.

அப்பாலகனே பின்னாளில் உலகம் போற்றிய மகாகவி இரவீந்திரநாத தாகூர். அவருடைய கவிதையைப் பற்றியும் இசையைப் பற்றியும் நம்மவர் நிரம்ப எழுதியிருக்கின்றனர். நாம் இங்கே சொல்லப் புகுவது அவர் வாழ்வில் ஓர் இழையை மாத்திரமே. பள்ளிக்கூடத்தைக் கண்டு நடுங்கி ஓடிய ஒரு பிள்ளை, நாற்பது வயதில் தானே ஒரு பள்ளிக்கூடத்தைத் தொடங்கி, எஞ்சிய நாற்பது ஆண்டுகளையும் அதற்கே ஈந்தது எதனால் என்பதே அவ்விழை.

1861-ஆம் ஆண்டு மே மாதம் 7-ஆந் திகதி மகரிஷி தேவேந்திரநாதருக்கும் சாரதாதேவியாருக்கும் பதினான்காம் பிள்ளையாகப் பிறந்தார் அவர். செல்வக் குடும்பந்தான், ஆயினும் பிள்ளைகள் வேலைக்காரர் ஆட்சியிலே வளர்ந்தனர். சியாம் என்ற வேலையாள், தன் வேலை இலகுவாதற்பொருட்டு, பாலகனை ஓரிடத்தில் இருத்தி, அவனைச் சுற்றி வெண்கட்டியால் ஒரு வட்டம் கீறிவிட்டுப் போய்விடுவான். இலக்குவன் கீறிய கோட்டைத் தாண்டியமையாற் சீதைக்கு நேர்ந்ததை இராமாயணத்திற் கேட்டிருந்த பிள்ளை அவ்வட்டத்தை விட்டு அசையமாட்டான். சன்னலுக்கு வெளியே ஒரு குளமும் ஓர் ஆலமரமும் தெரியும். பகல் முழுவதும் அவற்றைப் பார்த்தபடி இருப்பான்.

தமையன் சோமேந்திரனும், மூத்த சகோதரியின் மகன் சத்தியப்பிரசாதனும் பள்ளிக்கு அனுப்பப்பட்டபோது தானும் போகவேண்டும் என்று இரவி அழுதான். வண்டியேறிச் சென்று திரும்பிய சத்தியன் அளந்த கதைகள் அவ்வழுகையை மேலும் வளர்த்தன. வீட்டிற் படிப்பித்த ஆசிரியர் கன்னத்தில் ஓர் அறை கொடுத்து, இன்று போக அழுகிறாய், ஒருநாள் போகாமலிருக்க இதைவிட அழுவாய் என்று சொல்லி வைத்தாராம். அதைக்காட்டிலும் பிழையாத தீர்க்கதரிசனத்தைத் தாம் வாழ்நாளிற் கேட்டதில்லை என்று பிற்காலத்தில் நினைவு கூர்ந்தார் கவிஞர்.

அழுது பெற்ற பள்ளி ஓரியண்டல் செமினரி. அங்கே என்ன படித்தார் என்பது அவர் நினைவில் நிற்கவில்லை. தண்டனை மாத்திரம் நின்றது. பாடம் ஒப்பியாத மாணாக்கன் வாங்கின்மேல் ஏறிக் கைகளை நீட்டியபடி நிற்க, உள்ளங்கைகளிற் கற்பலகைகளை அடுக்குவார்கள். அடுத்தது நோர்மல் பாடசாலை. நாள்தோறும் வகுப்புத் தொடங்குமுன் மாணாக்கரை வரிசையாக இருத்தி ஓர் ஆங்கிலப் பாட்டைப் பாடுவிப்பது அங்கு வழக்கம். வாடிய முகங்களுக்கு உற்சாகம் ஊட்டுவதே நோக்கம். ஆனால் பாட்டின் ஒரு சொல்லுக்காவது பொருள் தெரிந்தவன் அக்கூட்டத்தில் இல்லை. சொற்கள் பிள்ளைகளின் நாவிலே சிதைந்து, எந்த மொழிக்கும் உரியதல்லாத ஓர் ஓசையாகின. முதுமையிலும் அவர் அவ்வோசையை நினைவிற் கொண்டிருந்தார். அதன் மூலச் சொற்கள் எவையாயிருந்திருக்கும் என்று ஆராய்ந்து, ஒரு பகுதியை மாத்திரமே ஊகிக்க முடிந்ததையும் நகைச்சுவையுடன் எழுதிவைத்தார்.

அப்பள்ளியின் உபாத்தியாயர் ஒருவர் வாய் திறந்தால் இழிசொல். அவருடைய வினா எதற்கும் விடை சொல்வதில்லை என்று இரவி தனக்குள்ளே தீர்மானித்துக்கொண்டு, கடைசி வாங்கில் ஓர் ஆண்டு முழுவதும் ஊமைபோல் இருந்தான். வருடாந்தச் சோதனையில் வங்காளப் பாடத்தில் அவனுக்கே முதலிடம் கிடைத்தது. பட்சபாதம் நடந்ததென்று உபாத்தியாயர் முறையிட்டார். மேலதிகாரி அருகிருந்து மேற்பார்க்க மறுமுறை சோதித்தனர். மறுமுறையும் அவனே முதல்வன். வகுப்பில் வாய்திறவாத பிள்ளை மந்தமான பிள்ளை அல்லன் என்பதற்கு ஆசிரியராயுள்ள நம்மவர் இவ்வொரு செய்தியை மறவாதிருத்தல் நன்று.

பின்னர் பெங்கால் அக்கடமி. அதற்கப்பால், பதின்மூன்று வயதை யொட்டி, பெயர்பெற்ற சென் சேவியர் கல்லூரி. அங்கேயும் அவர் மனம் ஒட்டவில்லை. ஆயினும் அக்கல்லூரி நாட்களிலிருந்து ஒரு சிறு நிகழ்ச்சியை அவர் தம் வாழ்நாள் முழுவதும் போற்றினார். தெ பெனராண்டா என்னும் ஸ்பானிய தேசத்துப் பாதிரியார் ஒருவர், வேறோர் ஆசிரியருக்குப் பதிலாகச் சிலகாலம் வகுப்புக்கு வந்தார். ஆங்கில உச்சரிப்பு அவருக்குச் சரளமாக வரவில்லை. ஆதலால் மாணாக்கர் அவரைப் பொருட்படுத்துவதில்லை. எழுத்துப் பயிற்சி வேளையில் ஒருநாள் அவர் வாங்குகளுக்கிடையே நடந்து வந்தார். இரவியின் எழுதுகோல் ஓடாமல் நின்றிருந்தது. பாதிரியார் பின்னே வந்து நின்று, குனிந்து, தோளில் மெல்லக் கைவைத்து, உடம்புக்குச் சுகமில்லையா என்று கேட்டார். அவ்வளவுதான். ஏன் எழுதவில்லை என்ற கேள்வி எழவில்லை.

தாகூர் படித்த நான்கு பள்ளிகளிலும் யாரோ ஒருவர் அவரைத் தம் பிள்ளை என்று கருதித் தொட்டது அந்த ஒரு கணத்திலேதான் என்று சொன்னால் மிகையாகாது. பாடத்தை மறந்தவர், பாடம் நடத்தியோர் பலரையும் மறந்தவர், அக்கையை மறக்கவில்லை. பிற்காலத்தில் சாந்திநிகேதனம் என்று உலகம் அறிந்த பெரிய நிறுவனத்தின் வித்து அத்தோள் தொடுகையிலேயே கிடந்தது என்பது எம் துணிபு.

மற்றொரு வித்து தந்தையார் இட்டது. 1873-ஆம் ஆண்டில் இரவிக்கு உபநயனம் நடந்தது. மொட்டைத் தலையுடன் பள்ளிக்குப் போனால் பறங்கிப் பிள்ளைகள் என்ன சொல்லிச் சிரிப்பார்களோ என்று பதினொரு வயதுப் பையன் உள்ளம் குமைந்துகொண்டிருந்த வேளையில், இமயமலைக்கு வருகிறாயா என்று மகரிஷி அவனை அழைத்தார். வழியிலே போல்பூர் அருகே, இரண்டு ஏழிலைப்பாலை மரங்களைக் கண்டு தாம் 1863-இல் வாங்கியிருந்த பொட்டல் நிலத்திற் சில நாள் தங்கினார்கள். அங்கே மழைநீர் அரித்த செம்மண் பள்ளங்களில் வேலையாள் துணையின்றி, வெண்கட்டி வட்டமின்றி, பையன் திரிந்தான். கூழாங்கற்களை மடிநிறையப் பொறுக்கி வந்தான். குப்பை என்று தந்தையார் எறியவில்லை. வியந்து பாராட்டி, தாம் அமரும் மண்மேட்டை அக்கற்களால் அலங்கரிக்கச் சொன்னார். செலவுப் பணத்தையும், விலையுயர்ந்த பொற்கடிகாரத்துக்குச் சாவி கொடுக்கும் பொறுப்பையும் மகனிடமே ஒப்புவித்தார். மகன் மிக்க ஊக்கத்துடன் சாவியை முறுக்கியதில் கடிகாரம் பழுதாகிக் கல்கத்தாவுக்குத் திருத்தப் போயிற்று! அதற்காகத் தந்தை கடிந்துகொள்ளவில்லை. டல்ஹௌசி மலைச்சாரலில் விடியுமுன் எழுப்பிச் சமஸ்கிருதம் கற்பித்தார்; பகலில் மலைவழியே தனியே உலாவ விட்டார். கண்டிப்பும் சுதந்திரமும் ஒருவரிடத்திலே சேர்ந்திருக்கக் கூடும் என்பதைப் பையன் அங்கே கண்டான்.

இமயத்திலிருந்து திரும்பியவனுக்குப் பள்ளிச் சுவர்கள் முன்னிலும் நெருக்கின. 1875-இல் தாயார் மறைந்தார். தலைவலி, வயிற்றுவலி என்று சாக்குகள் பெருகின. ஈற்றில் வீட்டார் கைவிட்டனர். இரவி மனிதனாவான் என்று நம்பியிருந்தோம், எல்லாரிலும் அவனே ஏமாற்றிவிட்டான் என்று மூத்த சகோதரி வருந்தினார். 1878-இல் இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். இலண்டன் சர்வகலாசாலைக் கல்லூரியில் ஹென்றி மோர்லி என்ற பேராசிரியர் இலக்கியம் படிப்பித்த முறை அவருக்குப் பிடித்தது. ஆயினும் பட்டமின்றியே 1880-இல் மீண்டார். பின்வந்த இருபது ஆண்டுகளை, கவிதையும் கதையும் நாடகமுமாக அவர் புகழ் வளர்ந்த வரலாற்றை, இங்கே விரிக்கவேண்டியதில்லை.

ஆனால் ஒரு சிறுகதையைக் குறிப்பிடாமல் மேலே செல்ல இயலாது. 1892-இல் எழுதிய அக்கதைக்கு விடுமுறை என்று பெயர். பத்திக் என்ற பதினான்கு வயதுப் பையன், கிராமத்துச் சிறுவருக்கெல்லாம் தலைவன். மாமன் அவனைப் படிப்பிக்கக் கல்கத்தாவுக்கு அழைத்துப் போகிறார். மாமிக்கு அவன் பாரம். பள்ளியில் அவன் மந்தன், அடிபடுபவன். சொந்த மாமன் மக்களே அவனை உறவென்று சொல்லக் கூசுகின்றனர். புத்தகத்தைத் தொலைத்துவிட்டு, காய்ச்சலுடன், ஊருக்கு நடந்தே போய்விடுவதென்று மழையிற் புறப்படுகிறான். பொலிசார் பிடித்துக் கொண்டுவருகிறார்கள். சன்னியிலே, கப்பலோட்டிகள் ஆழம் பார்க்கும் குரலைப் போலப் பிதற்றியபடி, தாய் வந்து சேர்ந்த வேளையில், தனக்கு விடுமுறை வந்துவிட்டதென்று சொல்லி அவன் அடங்குகிறான். குழந்தையாகக் கொஞ்சவும் ஏலாத, பெரியவனாக மதிக்கவும் ஏலாத அக்கட்டிளமைப் பருவத்துப் பிள்ளையின் தவிப்பை, அது ஆண்டவன் படைப்பிலேயே எவருக்கும் வேண்டாத வயது போலத் தோன்றும் அவலத்தை, அவ்வளவு சுருக்கமாகச் சொன்ன கதை வேறொன்று நாம் அறிந்தவரை அரிது. இக்காலத்து உளவியலார், பள்ளியில் தனக்கு இடமுண்டு என்ற உணர்வே வளரிளம் பிள்ளையின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் காப்பென்று ஆராய்ந்து சொல்கின்றனர். பத்திக்கின் மரணத்தில் அதை வங்காளத்து வாசகர் நூற்றுமுப்பது ஆண்டுகளுக்கு முன்னரே படித்துவிட்டனர். அதே ஆண்டில், பிள்ளையின் வாழ்வுக்கும் அவன் கற்கும் மொழிக்கும் உள்ள பிளவைக் கண்டித்துத் தாய்மொழிக் கல்விக்காக அவர் எழுதிய கட்டுரையும் வெளிவந்தது.

1901-ஆம் ஆண்டு டிசம்பர் 22-ஆந் திகதி, தந்தையார் கூழாங்கற்களைப் பாராட்டிய அதே போல்பூர் நிலத்தில், ஐந்து மாணாக்கருடன் தாகூர் தம் பள்ளியைத் தொடங்கினார். பிரமசரிய ஆசிரமம் என்று அதற்குப் பெயர். ஐவருள் ஒருவர் அவருடைய மூத்த மகன் இரதீந்திரநாதர். தொடக்கத்திற் சம்பளம் வாங்கவில்லை. தந்தையார் வைத்த தருமநிதியிலிருந்து வந்த சிறு தொகை போதாமையால், பூரியிலிருந்த வீட்டை விற்றார். மனைவி மிருணாளினி தேவியார் தம் நகைகளைக் கழற்றிக் கொடுத்தார். ஊர்விட்டு வந்த பிள்ளைகளுக்குத் தாயாயிருந்து தம் கையாலே சமைத்துப் போட்டார். ஓராண்டு நிறையுமுன், 1902 நவம்பரில், அவ்வம்மையார் மறைந்தார். அடுத்த ஆண்டில் மகள் இரேணுகா காசநோயால் இறந்தாள். 1904 தொடக்கத்தில், இளம் ஆசிரியரும் கவிஞருமாகிய சதீஷ் சந்திர ராய் ஆசிரமத்திலேயே அம்மைநோய்க்கு இரையானார். 1905-இல் தந்தையாரும் போனார். வேறொருவராயின் பள்ளியை மூடியிருப்பர்.

மறைக்காமற் சொல்லவேண்டியதும் ஒன்றுண்டு. ஆண்பிள்ளைகளின் விடுதலைக்காகப் பள்ளி திறந்த அதே 1901-இல், தம் மூத்த மகள் மாதுரிலதாவைப் பதினான்கு வயதிலும், இரேணுகாவைப் பத்து வயதிலும் அவர் மணஞ்செய்து கொடுத்தார். பிள்ளையுள்ளத்தை அவ்வளவு அறிந்தவர் தம் வீட்டிலே ஊர் வழக்கத்துக்குப் பணிந்தார். அப்பெண்களின் இளமையை நினைக்கும்போது அவரைப் போற்றும் நமக்கும் மனம் உறுத்துகிறது. 1908-ஐ அடுத்துச் சில பெண்பிள்ளைகளை ஆசிரமத்திற் சேர்த்துப் பார்த்தார், அம்முயற்சி நீடிக்கவில்லை. விசுவபாரதி தோன்றிய பின்னரே பெண்கல்வி அங்கே வேரூன்றியது.

பள்ளி எவ்வாறு நடந்தது? விடியுமுன் சிறுவர் குழுவொன்று பாடிக்கொண்டே ஆசிரமத்தை வலம் வரும். மற்றவர்கள் அப்பாட்டுக் கேட்டு எழுவார்கள். நீராடியபின் ஒவ்வொருவரும் தத்தம் பாயை எடுத்துக்கொண்டு மரத்தடியிலோ வெளியிலோ கால்மணி நேரம் மௌனமாக அமர்தல். தியானஞ் செய்கிறார்களா, அணிலைப் பார்க்கிறார்களா என்று எவரும் துருவுவதில்லை. பின்னர் மாமர நிழலிலும் சாலமர நிழலிலும் வகுப்புகள். மழை வந்தால் விடுமுறை. பல சமயம் மழையில் நனைவதே பாடம். ஞாயிறன்று ஓய்வில்லை, புதனன்றே ஓய்வு. மாலையில் விளையாட்டு, இரவிற் கதை, இசை, நாடகம். மாணாக்கர் நடிப்பதற்கென்றே 1908-இல் சாரதோற்சவம் என்ற நாடகத்தை எழுதினார் கவிஞர்; அவர்களோடு தாமும் வேடம் பூண்டார். ஜகதானந்த ராய் விஞ்ஞானத்தைக் கதையாகச் சொன்னார். க்ஷிதிமோகன் சென் சமஸ்கிருதத்தையும் ஞானியர் பாடல்களையும் கொணர்ந்தார். பிற்காலத்தில் நந்தலால் போஸ் சித்திரந் தீட்டுவித்தார்.

பிரம்பு அறவே இல்லை. கிராதிக் கம்பங்களை அடித்த கை இப்போது பிரம்பைத் தூக்கி எறிந்துவிட்டது. பிழை செய்தவனை விசாரிக்க மாணாக்கரே தெரிந்தெடுத்த நீதிமன்றம் இருந்தது. தலைவரையும் அவர்களே தெரிந்தனர். தொடக்கத்தில், எங்கும் அடங்காத பிள்ளைகளைத் திருத்துமிடம் என்று நினைத்தே பெற்றோர் சிலர் அங்கே கொண்டுவந்து விட்டனராம். அத்தகைய பிள்ளைகளிடமே பொறுப்பு ஒப்புவிக்கப்பட்டது. மகரிஷியின் கடிகாரத்தை நினைத்துக்கொள்க. ஒருமுறை, கண்டிப்புக்குப் பெயர்போன தலைமையாசிரியர் ஒருவர் அங்கு வந்தார். பையனொருவன் மரத்திலேறிக் கிளைக்கவட்டில் வசதியாக அமர்ந்து படித்துக்கொண்டிருந்ததைக் கண்டு திகைத்து, எரிச்சலும் உற்றார். மரமேறும் வயதில் மரமேறாதவன் வளர்ந்தபின் ஏறப்போகின்றானா என்பது கவிஞருடைய எண்ணம். அத்தலைமையாசிரியரை நாமும் பல பாடசாலைகளிற் சந்தித்திருக்கிறோம். சிற்சில வேளைகளிற் கண்ணாடியிலும் சந்தித்திருக்கிறோம்.

எல்லாப் பிள்ளைக்கும் தொடக்கத்திலேயே ஒத்த இடம் கிடைத்ததா? இல்லை. பழங்காலத்துக் குருகுலம் என்ற கனவிலே தொடங்கிய பள்ளி அது. காவியுடையோடு சாதியும் உள்ளே நுழைந்தது. குஞ்சலால் கோஷ் என்ற ஆசிரியர் பிராமணரல்லர். அவர் பாதத்தைப் பிராமண மாணாக்கர் தொட்டு வணங்கலாமா என்ற கேள்வி 1902-இல் எழுந்தபோது, பிராமண ஆசிரியருக்குப் பாதவணக்கமும் ஏனையோருக்குக் கைகூப்புதலும் என்று தாகூரே பிரித்துச் சொன்னார். உண்ணும் பந்தியிலும் வேற்றுமை இருந்தது. சியாம் கீறிய வட்டத்தை வெறுத்தவர் மற்றொரு வட்டத்தைத் தம் முற்றத்திலே அனுமதித்தார். ஆண்டுகள் செல்லச் செல்ல அவர் கருத்து முற்றாக மாறியது. கோரா என்ற நாவலையும், மூடிய மதிற்பள்ளியொன்றை எள்ளும் அசலாயதனம் என்ற நாடகத்தையும் எழுதியவரல்லவா? 1915-இல் காந்தியடிகள் அங்கு தங்கியபோது, சமையற்காரரை நிறுத்திவிட்டு மாணாக்கரும் ஆசிரியருமே சமைத்து, பாத்திரம் துலக்கி, கழிவிடம் துப்புரவு செய்யத் தூண்டினார். மார்ச் 10-ஆந் திகதி தொடங்கிய அம்முயற்சி சின்னாட்களே நீடித்தது. ஆயினும் அந்நாள் காந்தியின் பெயரால் அங்கே நினைவுகூரப்படுவதாயிற்று. நம் யாழ்ப்பாணத்தில் 1930-ஐ ஒட்டிப் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கவேண்டுமென்று கல்விப் பகுதியார் விதித்தபோது எழுந்த எதிர்ப்பையும், எரிந்த பாடசாலைகளையும் அறிந்தவர்கள், தாகூரின் தடுமாற்றத்தை எளிதில் விளங்கிக்கொள்வர். நிலத்திலிருந்து படித்த பிள்ளைக்கும் வாங்கிலிருந்து படித்த பிள்ளைக்கும் பள்ளி ஒன்றாயிருந்ததில்லை.

1907-ஆம் ஆண்டின் துயரத்தை இங்கே சொல்லவேண்டும். இளைய மகன் சமீந்திரன் ஆசிரமத்திலேயே படித்தான். அவ்வாண்டின் தொடக்கத்தில், வசந்த பஞ்சமியன்று, பதினொரு வயது நிறையாத அப்பையன் தோழர்களைச் சேர்த்து, பருவங்களைப் போல வேடமிட்டு ஒரு விழா நடத்தினான். பெரியவர் எவரும் ஏவவில்லை. ஆண்டு முடிவில் முங்கேரிலே நண்பன் வீட்டில் விடுமுறை கழிக்கச் சென்றவிடத்தில் வாந்திபேதி கண்டு இறந்தான். வங்காளப் பஞ்சாங்கப்படி, தாய் மறைந்து ஐந்தாண்டு நிறைந்த அதே நாள் அது. புகையிரதத்தில் திரும்பும்போது நிலவொளி முன்போலவே நிறைந்திருந்ததைக் கண்டு, குறைவு எங்கும் இல்லை என்று தம்மைத் தேற்றிக்கொண்டதாக அவர் பின்னர் எழுதினார். மறுநாள்களில் வகுப்புகள் நடந்தன. பையன் தொடங்கிய விழா மாத்திரம் அழியவில்லை. சாந்திநிகேதனத்தின் வசந்தவிழாவுக்கு அதுவே மூலம் என்பர்.

அரசாங்கத்தாரும் சும்மா இருக்கவில்லை. 1911-ஐ ஒட்டி, கிழக்கு வங்க அரசினர், அரசாங்க ஊழியர் தம் மைந்தரை அங்கே அனுப்புதல் தகாது என்று இரகசியச் சுற்றறிக்கை விடுத்தனர். அஞ்சிய பெற்றோர் சிலர் பிள்ளைகளை அழைத்துச் சென்றனர். தம் இடமென்று நம்பியிருந்த பிள்ளைகள் அழுதுகொண்டு பெட்டி கட்டிய காட்சியை ஊகிக்கலாம். 1913-இல் நோபெல் பரிசு வந்தபின் பிரித்தானிய அரசினர் அவருக்கு 'சேர்' பட்டம் சூட்டினர். 1919-இல், ஜாலியன்வாலா பாக் கொடுமையின் பின், அதை அவர் துறந்தது யாவரும் அறிந்ததே.

ஆண்ட்ரூசும் பியர்சனும் வந்தனர். 1921-இல் விசுவபாரதி என்ற சர்வதேச வித்தியாபீடம் திறக்கப்பட்டது. 1922-இல் எல்ம்ஹர்ஸ்டின் துணையோடு அயற்கிராமத்தில் ஸ்ரீநிகேதனமும், 1924-இல் ஏழைக் கிராமப் பிள்ளைகளுக்கான சிக்ஷா சத்திரமும் தோன்றின. நிறுவனம் பெருகப் பெருக, நிதிதேடிக் கவிஞர் உலகெங்கும் அலைந்தார். சிறு பள்ளி சிறிது பின்னே தள்ளப்பட்டது என்ற குறையை அவரை நேசித்தவர்களே சொன்னார்கள். கல்கத்தாச் சர்வகலாசாலையின் பிரவேச சோதனைக்குப் பிள்ளைகளை ஆயத்தஞ் செய்வதையும் அவரால் முற்றாகத் தவிர்க்க முடியவில்லை. பொற்கூட்டிலே ஏட்டுச் சுவடிகளை ஊட்டிக் கிளியைக் கொன்ற கதையை 1918-இல் எழுதியவர், தம் கிளிகளுக்கும் சிறிது ஏடு ஊட்டவேண்டியதாயிற்று. இருப்பினும் மணம் ஒருவாறு நிலைத்தது. அவர் காலத்துக்குப் பின் அங்கே படித்த பொருளியல் அறிஞர் அமர்த்திய சென், தம் ஆசிரியர் ஒருவர் ஒரு மாணவியைப் பாராட்டும்போது, அவளுக்குப் புள்ளிகள் மிகுதியாயிருந்தும் அவள் நன்கு சிந்திப்பவளே என்று சொன்னதாக நினைவு கூர்ந்துள்ளார். நம் பாடசாலை அறிக்கைகளில் அத்தகைய பாராட்டை நாம் கண்டதில்லை.

இலங்கைக்கு அவர் 1922, 1928, 1934 ஆகிய ஆண்டுகளில் வந்தார். கடைசி வருகையின்போது கொழும்பிலே சாபமோசனம் என்ற நாட்டிய நாடகம் அரங்கேறியது. யாழ்ப்பாணத்துக்கும் கவிஞர் குழுவினருடன் வந்தார். மே மாதம் 20-ஆந் திகதி ஹொரணையில், வில்மட் பெரேரா அவர்கள் சாந்திநிகேதனத்தை முன்மாதிரியாகக் கொண்டு நிறுவிய ஸ்ரீபாலிக்கு அடிக்கல் நாட்டினார். அங்கிருந்தும் பிற இடங்களிலிருந்தும் இலங்கை இளைஞர் பலர் போல்பூருக்குச் சென்று இசையும் நடனமும் பயின்றனர். நம் தேசிய கீதத்துக்கு இசை வகுத்த ஆனந்த சமரக்கோனும் அவர்களுள் ஒருவர். நம்மவர் அங்கிருந்து பெரும்பாலும் கலையையே கொணர்ந்தனர். மரத்தடியையும் மாணாக்கர் நீதிமன்றத்தையும் கொணர்ந்தோர் சிலரே என்பது ஆராயத்தக்கது.

1941-ஆம் ஆண்டு யூலை மாதம். எண்பது வயதுக் கவிஞர் படுக்கையில் இருந்தார். சத்திர சிகிச்சைக்காகக் கல்கத்தா கொண்டுசெல்வதென்று வைத்தியர்கள் முடிவு செய்தனர். 25-ஆந் திகதி, அவரைச் சாய்வாக இருத்தி, வண்டியில் ஏற்றினார்கள். போகும் இடம் ஜோராசாங்கோ மாளிகையே. கிராதித் தாழ்வாரமும் வெண்கட்டி வட்டமும் இருந்த அதே வீடு. ஓகஸ்ட் 7-ஆந் திகதி அங்கேதான் அவர் உயிர் பிரிந்தது. ஆனால் அன்று காலை போல்பூரில், ஆசிரமத்துப் பிள்ளைகளும் ஆசிரியரும் கூடி நின்றனர். முப்பது ஆண்டுகளாக அங்கே பாடிவரும் பள்ளிப் பாட்டை, சாந்திநிகேதனம் எங்களுடையது என்று தொடங்கும் அப்பாட்டை, வண்டி மறையும்வரை பாடினார்கள். அவர் எழுதிய பாட்டு அது. பிள்ளைகளின் சொந்த மொழியில். ஒரு சொல்லுக்காவது பொருள் தெரியாதவன் அக்கூட்டத்தில் இல்லை.